பரிசலில் ஒரு ராத்திரி: மேட்டூர் நீர்த்தேக்கத்தில் மீன் பிடித்துத் தங்கப் பரிசலைத் தயார் செய்வது

பரிசல் பாரம் தாங்காமல் மூழ்குவது அபூர்வம். ஒரு பக்கம் சாய்ந்து, விளிம்பு வழியாகத் தண்ணீர் ஏறித்தான் மூழ்கும். எதை ஏற்றுவது, எங்கே கட்டுவது, எதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது என்று முடிவு செய்யும்போதெல்லாம் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இரண்டு பேர், 8 அடி விட்டமுள்ள ஃபைபர் பரிசல், ஒரு ராத்திரி என்ற கணக்குக்கு. மூங்கில் பரிசலுக்கு மாறுகிற இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

முதலில் பாரத்தைப் பார்ப்போம். மேல் விளிம்பு 8 அடி இருந்தாலும் தண்ணீரில் உட்காரும் தட்டையான அடிப்பாகம் 6 அடி அளவுக்குத்தான் இருக்கும். 6 அடி வட்டத்தின் பரப்பு 28 சதுர அடி. அது 1 அங்குலம் அமிழ வேண்டுமானால் சுமார் 65 கிலோ ஏற்ற வேண்டும். இரண்டு ஆட்களும் சேர்ந்து 140 கிலோ, சாமான் 60 கிலோ என்று வைத்தால் 200 கிலோவுக்கு 3 அங்குலம்தான் இறங்கும். 20 அங்குல உயரமுள்ள பரிசலுக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் அதே இரண்டு பேரும் மீனைப் பார்க்க ஒரே பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்து விளிம்பு சடாரென்று தண்ணீரைத் தொடும். ஒருமுறை தண்ணீர் உள்ளே வந்துவிட்டால் அதே கணக்கு திரும்பி வந்து அடிக்கும்: உள்ளே 1 அங்குலம் நின்றால் 65 கிலோ, 2 அங்குலம் நின்றால் 130 கிலோ. அந்த எடை ஓர் இடத்தில் நிற்காது, எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கமே ஓடும்.

அதனால் கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் ஒரு சோதனை செய்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். எல்லாச் சாமானையும் ஏற்றி, இருவரும் உட்கார்ந்து, ஒருவர் மட்டும் மெதுவாக விளிம்புப் பக்கம் நகர வேண்டும். தாழ்ந்த பக்கத்தில் விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு ஜாண் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சாமானைக் குறையுங்கள். வேறு வழி கிடையாது.

பரிசலைச் சோதிப்பது

ஃபைபர் பரிசலைக் கவிழ்த்துப் போட்டு, விரல் முட்டியால் அடிப்பாகம் முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் 'டக் டக்' என்று கெட்டியாகக் கேட்கும். 'பொத் பொத்' என்று மந்தமாகக் கேட்கும் இடத்தில் உள்ளே அடுக்கு விட்டுப்போயிருக்கிறது. மேலே பெயிண்ட் பளபளவென்று இருந்தாலும் அந்த இடம்தான் பாறையில் உரசும்போது முதலில் கிழியும். சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடிப்பாகம் மேலே வளைந்து ஏறும் திருப்பத்தைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். கரையில் இழுக்கும்போது தேய்வது அந்த இடம்தான்.

ஒட்டுப் போட ரெசின், 450 கிராம் மேட் (கண்ணாடியிழை விரிப்பு), ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட், அதை வேகப்படுத்தும் ஆக்சிலரேட்டர், ஒரு பழைய பிரஷ் போதும். விரிசலைச் சுற்றி 3 அங்குலத்துக்கு 60 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்க்க வேண்டும். ஈரம் துளியும் இருக்கக் கூடாது. ஈரத்தின் மேல் போட்ட ஒட்டு அடுத்த முறை தண்ணீரிலேயே தோல் உரிந்த மாதிரி வந்துவிடும். கால் கிலோ ரெசினில் முதலில் ஆக்சிலரேட்டர் 4 மில்லி ஊற்றி நன்றாகக் கலக்கிவிட்டு, அதன் பிறகு கேட்டலிஸ்ட் 4 மில்லி சேர்க்க வேண்டும். ஆக்சிலரேட்டரையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கும். இரண்டையும் அளக்க ஒரே மூடியைப் பயன்படுத்துவதும் கூடாது. கடையில் ரெசின் வாங்கும்போதே ஆக்சிலரேட்டர் கலந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள், கலந்தே விற்பதும் உண்டு. சேலம் வெயிலில் கலவை கால் மணி நேரத்துக்குள் இறுக ஆரம்பித்துவிடும். ஆகையால் மேட்டை முன்கூட்டியே வெட்டி வைத்துக்கொண்டு, காலையிலோ நிழலிலோ வேலை செய்யுங்கள். முதல் துண்டு விரிசலைவிட 1 அங்குலம் பெரிது, இரண்டாவது துண்டு அதைவிட 1 அங்குலம் பெரிது. காற்றுக் குமிழ் நிற்காமல் பிரஷால் குத்திக் குத்தி அழுத்த வேண்டும். ஒரு முழு நாள் காய்ந்த பிறகே தண்ணீரில் இறக்கலாம்.

மூங்கில் பரிசலில் பார்க்க வேண்டியது தார். வெடித்த தார் வழியாகத் தண்ணீர் நேராக உள்ளே வராது. மூங்கிலைப் போர்த்தியிருக்கும் ஷீட்டுக்கும் மூங்கிலுக்கும் இடையே தங்கி, மூங்கில் தப்பையை உளுக்கவைக்கும். வெடித்த இடத்தைச் சுரண்டி, பருத்தித் துணித் துண்டை வைத்து, சூடான தாரை அதன் மேல் பூசுங்கள். மூங்கில் முனை ஏதாவது ஷீட்டைக் குத்திக்கொண்டு நிற்கிறதா என்று உள்பக்கம் கையால் தடவிப் பாருங்கள்.

வழியில் ஓட்டை விழுந்தால் சமாளிக்க ஒரு எம்-சீல் பொட்டலம், பழைய டயர் ட்யூப் துண்டு, அகலமான டேப் ஒரு சுருள் கையில் இருக்கட்டும். தண்ணீர் இறைக்க 5 லிட்டர் எண்ணெய் கேனைச் சாய்வாக வெட்டிக் கைப்பிடியில் கயிறு கட்டி வையுங்கள். கடைசி ஓர் அங்குலத் தண்ணீரைச் சொம்பால் எடுக்க முடியாது. அதற்கு ஒரு பெரிய ஸ்பாஞ்சு வேண்டும்.

உள்ளே எது எங்கே

விளிம்பின் உள்பக்கம் 2 அடிக்கு ஒன்று வீதம் 6 மில்லி நைலான் கயிற்றால் வளையம் போடுங்கள். 8 அடி பரிசலுக்குச் சுற்றளவு 25 அடி, ஆகவே 12 வளையம் வரும். சாமான் கட்டுவதற்கு மட்டுமல்ல, தண்ணீரில் விழுந்தவர் பிடித்துத் தொங்குவதற்கும் இதுதான் உதவும்.

காலியான 20 லிட்டர் கேன் இரண்டை மூடி இறுக்கி, எதிரெதிர்ப் பக்கங்களில் விளிம்புக்குக் கீழே உள்பக்கமாகக் கட்டிவிடுங்கள். பரிசல் நிரம்பினாலும் இவை இரண்டும் 40 கிலோ அளவுக்குத் தூக்கிப் பிடிக்கும். உயிர்காப்பு ஜாக்கெட் வேறு விஷயம். அது உட்காரும் மெத்தை அல்ல; பெல்ட்டைப் போட்டு உடம்பில்தான் இருக்க வேண்டும். லுங்கி, வேட்டியோடு ஏறக் கூடாது. நனைந்த லுங்கி காலைச் சுற்றிக்கொண்டால் நல்ல நீச்சல்காரரும் திணறுவார். அரை டிராயர் போதும்.

அடியில் மூங்கில் தப்பைகளை அரை அங்குல இடைவெளி விட்டுக் கயிற்றால் பின்னி, 4 அடிக்கு 3 அடி தட்டி ஒன்று போடுங்கள். கசிந்த தண்ணீர் தட்டிக்குக் கீழே நிற்கும், சாமான் நனையாது, இறைப்பதும் சுலபம். கனமானவை எல்லாம் இந்தத் தட்டியின் நடுவில்: 10 லிட்டர் குடிதண்ணீர், ஐஸ் பெட்டி, சமையல் பொருள். துணி, மெத்தை, கொசுவலை எல்லாம் ஓரத்தில்.

பைகளைவிட மூடி உள்ள 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட் எவ்வளவோ மேல். நனையாது, கவிழ்ந்தாலும் மிதக்கும், மேலே உட்காரலாம். ஒன்றில் சோற்றுச் சாமான், ஒன்றில் தூண்டில் சாமான், ஒன்றில் மாற்றுத்துணியும் டார்ச்சும் மருந்தும். மூன்றுக்கு மேல் தேவைப்பட்டால் தேவையில்லாததை எடுத்து வந்திருக்கிறீர்கள் என்று பொருள். எல்லாவற்றையும் இழுத்தால் அவிழும் முடிச்சில் கட்டுங்கள். இறுகிய முடிச்சை நனைந்த விரலால் இருட்டில் அவிழ்க்க முடியாது.

துடுப்புப் போடுகிறவர் முன்விளிம்பை ஒட்டி உட்கார்ந்து, துடுப்பைத் தனக்கு முன்னால் இறக்கித் தன் பக்கம் இழுக்க வேண்டும். பக்கவாட்டில் போட்டால் பரிசல் சுற்றிக்கொண்டே இருக்கும், நகராது. அவர் எடையைச் சமன் செய்ய இரண்டாமவர் நேர் எதிரே பின்பக்கம் உட்கார வேண்டும். துடுப்பு இரண்டு வேண்டும், ஒன்று கட்டியே இருக்கட்டும். கரையிலிருந்து தள்ளிவிடவும் ஆழம் பார்க்கவும் 10 அடி மூங்கில் கழி ஒன்று.

தூண்டில் ஏற்பாடு

மேட்டூர் நீர்த்தேக்கத்தில் மீன் பிடிக்க மீன்வளத்துறை உரிமம் வேண்டும். அங்கே மீன் குஞ்சுகளை விடுவது துறைதான், அதை நம்பித்தான் கரையோர மீனவர் குடும்பங்கள் பிழைக்கின்றன. மேட்டூர் அணையிலுள்ள துறை அலுவலகத்தில் கேட்டுத் தூண்டிலுக்கு என்ன அனுமதி, எந்தப் பகுதி தடை என்று தெரிந்துகொள்ளாமல் கிளம்பாதீர்கள். அணையை ஒட்டிய பகுதிக்குள் பரிசல் போகவே கூடாது.

பரிசலில் தூண்டில் போடுவோருக்குப் பெரிய தொல்லை அது சுற்றுவது. ஒரே நங்கூரத்தில் நின்றால் காற்றுக்குத் தக்கபடி திரும்பி, இரண்டு தூண்டில் நரம்பும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். ஆகவே இரண்டு நங்கூரம், எதிரெதிர் விளிம்பிலிருந்து. வலைத்துண்டில் கட்டிய 5 கிலோ கல்லே போதும். கயிறு ஆழத்தைப்போல் மூன்று மடங்கு இருக்க வேண்டும். 20 அடி ஆழத்துக்கு 60 அடி. நீளம் குறைந்தால் கல் தரையைப் பிடிக்காமல் எழும்பி எழும்பி உருளும். இது நிற்கிற தண்ணீருக்கு மட்டும். பூலாம்பட்டி மாதிரி அணைக்குக் கீழே உள்ள ஆற்றுப் பகுதியில் தண்ணீர் ஓடுகிற நேரத்தில் நங்கூரம் போட்டால் கயிறு கட்டிய பக்கத்து விளிம்பை நீரோட்டம் கீழே அழுத்திவிடும். அங்கே கரையோரம் மரத்தில் கட்டுவது ஒன்றே வழி.

தூண்டில் கோலை நிறுத்த ஒன்றரை அங்குல பிவிசி பைப்பை ஓர் அடி நீளத்துக்கு வெட்டி, விளிம்போடு வெளிப்பக்கம் 45 டிகிரி சாய்த்து இரண்டு இடத்தில் கட்டுங்கள். கோலின் அடியை 3 அடிக் கயிற்றால் வளையத்தோடு இணைத்துவிட வேண்டும். பெரிய கட்லா கவ்வினால் கோலையே பிடுங்கிக்கொண்டு போய்விடும். ரீல் டிராக்கை (நரம்பு ஓடுவதைப் பிடித்து நிறுத்தும் திருகு) கொஞ்சம் தளர்த்தியே வையுங்கள்.

கட்லா மேல்தண்ணீரில் மேயும், ரோகு நடுவில், மிருகால் தரையில். ஒரு கோலில் தக்கை கட்டி 3, 4 அடி ஆழத்திலும், இன்னொன்றில் ஈயம் கட்டித் தரையிலும் போட்டால் எது நடமாடுகிறதென்று அரை மணியில் தெரிந்துவிடும். 0.35 மில்லி நரம்பும் 4, 6-ம் நம்பர் முள்ளும் இவற்றுக்குப் போதும். கெளுத்திக்குக் கொஞ்சம் பெரிய முள், மண்புழு அல்லது கோழிக்குடல். ஜிலேபிக்குச் சின்ன முள்ளும் மண்புழுவும். கெண்டை வகைகளுக்கு அரை கிலோ கடலைப் புண்ணாக்கை ராத்திரி முழுக்க ஊறவைத்து, ஒரு கிலோ தவிடும் கால் கிலோ மைதாவும் சேர்த்துப் பிசையுங்கள். எலுமிச்சை அளவு உருண்டைகளை முதலில் அந்த இடத்தில் பத்துப் போட்டுவிட்டு, பிறகு தூண்டில். உருண்டை தண்ணீரில் விழுந்து ஐந்து நிமிடம் கழித்து மெல்லக் கரைய வேண்டும். விழுந்ததுமே கரைந்தால் மைதா போதவில்லை.

மீன் மாட்டினால் எழுந்து நிற்காதீர்கள். ஒருவர் கைவலையோடு மீன் பக்கம் குனியும்போது மற்றவர் எதிர்ப்பக்கம் சாய்ந்துகொள்ள வேண்டும். முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளாவிட்டால் ஆவலில் இருவரும் ஒரே பக்கம் போய்விடுவார்கள். கெளுத்தியை வெறுங்கையால் பிடிக்கக் கூடாது. முதுகில் ஒன்று, செவுளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று முள் இருக்கும், குத்தினால் நாள் முழுக்கக் கடுக்கும். ஈரத்துணியால் அமுக்கி, இடுக்கியால் தூண்டில் முள்ளை எடுங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி வந்தால் திரும்பத் தண்ணீரில் விடாதீர்கள். அது வளர்க்கவே தடை செய்யப்பட்ட மீன், மற்ற மீன்களைத் தின்று தீர்க்கும்.

மீனவர்கள் சாயங்காலம் வலை விரித்துவிட்டுக் காலையில் எடுப்பார்கள். வரிசையாக மிதக்கும் தெர்மகோல் துண்டு, பிளாஸ்டிக் பாட்டில் எல்லாம் வலையின் மிதவை. அதன் மேல் நங்கூரம் போடுவதும், சிக்கினால் கத்தியை எடுப்பதும் அடுத்தவர் வயிற்றில் அடிப்பது. துடுப்பால் மேல்கயிற்றைத் தாழ்த்திக் கடந்து போங்கள். சிக்கிவிட்டால் உங்கள் கயிற்றை வெட்டுங்கள்.

பண்ணவாடிப் பக்கம் தண்ணீருக்கடியில் பழைய ஊர்களின் கட்டடங்கள் இருக்கின்றன. நீர்மட்டம் நன்றாக இறங்கும் வருடங்களில் நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். அவை முழுக்க மூழ்காமலும் வெளியே வராமலும் இருக்கிற இடைப்பட்ட மட்டத்தில்தான் பரிசலின் அடி உரசும், தூண்டில் மாட்டும். பரிசல் துறையில் இருக்கும் பரிசல்காரரிடம், "அண்ணா, கல்லு எந்தப் பக்கம் இருக்குதுங்க?" என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். அவர்களைவிட நன்றாக யாருக்கும் தெரியாது.

காற்றும் நீர்மட்டமும்

வைகாசிக் கடைசியிலிருந்து ஆவணிவரை அடிக்கும் மேல்காற்றில் புதியவர்கள் போக வேண்டாம். பண்ணவாடியிலிருந்து எதிரே உள்ள நாகமரைக் கரைக்குக் காற்றே கொண்டுபோய்விடும், திரும்பி வருவதில்தான் கை ஓயும். பரிசலுக்குக் கூரான முகம் கிடையாது, அதனால் காற்றை எதிர்த்துக் கிழித்துப் போக முடியாது. மற்ற மாதங்களிலும் விடிகாலையில் கிளம்பித் திரும்பினால் தண்ணீர் அசையாமல் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இடி கேட்டால் அந்த நிமிடமே கரை ஏற வேண்டும். தை, மாசி, பங்குனிதான் நிதானமான மாதங்கள்.

கிளம்பும் நாள் காலை 8 மணி நிலவரத்தில் அணையின் நீர்மட்டம், நீர்வரத்து இரண்டையும் பாருங்கள். முழு மட்டம் 120 அடி, முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. விநாடிக்கு 1 லட்சம் கன அடி ஒரு நாள் முழுக்க வந்தால் 8.64 டி.எம்.சி. சேரும், மட்டம் பல அடி ஏறும். இங்கே கரை பெரும்பாலும் சரிவு குறைந்தது. 20 அடிக்கு 1 அடி ஏறுகிற கரையில் தண்ணீர் 3 அடி உயர்ந்தால் 60 அடி உள்ளே வந்துவிடும். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் வரத்து கூடுகிறது, ஒகேனக்கலில் பரிசலுக்குத் தடை என்ற செய்தி வந்தால் பயணத்தை ஒத்திப்போடுங்கள்.

கரையில் ராத்திரி

பாலமலைப் பக்கத்துக் காட்டோரக் கரையில் வனத்துறை அனுமதி இல்லாமல் தங்க முடியாது. யானை தண்ணீருக்கு இறங்கும் இடங்களும் உண்டு. பண்ணவாடி, கோட்டையூர் போன்ற பரிசல் துறைகளுக்கு அருகே, ஊர்க்காரர்களிடம் சொல்லிவிட்டுத் தங்குவதே நல்லது. தண்ணீர் வற்றிய நிலத்தில் விவசாயம் செய்திருப்பார்கள், அந்த வயலில் கூடாரம் போடக் கூடாது.

சாயங்காலம் நாலரைக்குள் கரை ஏறிவிட வேண்டும். பழைய குப்பையும் சருகும் ஒதுங்கிக் கிடக்கும் வரியைத் தேடி, அதற்கும் மேலே இடம் பாருங்கள். பரிசலையும் அங்கேதான் இழுத்து வைக்க வேண்டும். தண்ணீரோரம் கட்டிவிட்டுத் தூங்கினால் காலையில் அது நடுத்தண்ணீரில் மிதக்கும்.

பரிசலை நிமிர்ந்தபடி விட்டுவிடாதீர்கள். 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் 8 அடி வாய்க்குள் 230 லிட்டருக்கு மேல் தண்ணீர் சேரும். அதைச் சாய்த்துக் கொட்டவே நான்கு பேர் வேண்டும். கவிழ்த்து, காற்று வரும் பக்கம் விளிம்பு தரையில் இருக்கும்படி வைத்து, எதிர்ப்பக்கத்தை இரண்டு துடுப்பால் முட்டுக் கொடுங்கள். துடுப்பின் அடியில் தட்டையான கல் வைத்தால் மண்ணில் இறங்காது. விளிம்பு வளையத்திலிருந்து இரண்டு கயிறு முளைக்குச் செல்லட்டும், இல்லாவிட்டால் ராத்திரிக் காற்று தூக்கிவிடும். 12 அடிக்கு 9 அடி தார்ப்பாயை அதிலிருந்து முன்னால் இழுத்துக் கட்டினால் இருவர் படுக்கவும் சாமான் வைக்கவும் இடம் கிடைக்கும். தனிக் கூடாரம் சுமக்கவே வேண்டாம்.

வெறும் தரையில் படுப்பதுதான் இங்கே பெரிய ஆபத்து. கட்டுவிரியன் ராத்திரியில் தூங்குபவர்களைக் கடிக்கும். கடித்த இடம் வலிக்காமலே இருக்கும். கொசுவலையைக் கட்டி, ஓரத்தை நான்கு பக்கமும் பாய்க்கு அடியில் இறுகச் செருகிவிடுங்கள். இருட்டில் கால் வைக்குமுன் டார்ச் அடியுங்கள், விறகைக் கையால் கிளறாதீர்கள். கடித்தால் கீறுவதோ இறுகக் கட்டுவதோ கூடாது. ஆளை அசைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு நேராக மேட்டூர் அரசு மருத்துவமனைக்கோ சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போக வேண்டும். இதற்காகவே ஃபோன் சிக்னல் எங்கே கிடைக்கிறதென்று இருட்டுமுன் பார்த்து வையுங்கள்.

இந்தத் தண்ணீரில் முதலை உண்டு. மீன் கழுவுவதைப் பகலிலேயே முடித்து, குடலைப் படுக்கும் இடத்திலிருந்து தள்ளிப் புதையுங்கள். இருட்டிய பிறகு தண்ணீரில் இறங்கிக் குளிக்காதீர்கள். பச்சைப் பாசி படர்ந்து நாறும் சமயங்களில் அந்தத் தண்ணீரைக் காய்ச்சினாலும் குடிக்க உதவாது. பாத்திரம் கழுவக்கூட வேறு மூலைக்குப் போங்கள்.

சமையலுக்குச் சின்ன கேஸ் அடுப்பு, காற்றுத் தடுக்க ஒரு தகரத் துண்டு. அரை கிலோ அரிசி, கரைத்துப் பாட்டிலில் ஊற்றிய புளி, மிளகாய்த்தூள், உப்பு, சின்ன வெங்காயம், எண்ணெய். மீன் கிடைக்காமல் போனால் சாப்பிட ஒரு பொட்டலம் புளிக்காய்ச்சல். 10 கிலோ ஐஸ் தெர்மகோல் பெட்டியில் மறுநாள் மதியம்வரை நிற்கும், உருகிய தண்ணீரை வடித்துக்கொண்டே இருந்தால் மீன் ஊறிப்போகாது.

திரும்பும்போது குட்டி யானை வண்டியில் பரிசலைப் படுக்க வைக்க இடம் போதாது. ஒருக்களித்துச் சாய்த்து, உள்பக்கம் பின்னோக்கி இருக்கும்படி நிறுத்துங்கள். உள்பக்கம் முன்னால் பார்த்திருந்தால் மேச்சேரி தாண்டிய வெட்டவெளியில் காற்றை வாங்கிக் கயிற்றை அறுக்கும். மேலே ஒரு கயிறு, நடுவில் ஒரு கயிறு, விளிம்பு உரசும் இடத்தில் சாக்கு. வீட்டில் நல்ல தண்ணீரால் கழுவி நிழலில் கவிழ்த்து, கீழே நான்கு செங்கல் கொடுத்து வையுங்கள். மூங்கில் பரிசலாக இருந்தால் உள்பக்கத் தப்பை முழுக்கக் காய இரண்டு மூன்று நாள் விட வேண்டும். நேர் வெயிலில் போட்டால் தார் இளகி ஒரு பக்கமாக வழிந்துவிடும். நங்கூரக் கயிறுகளைச் சுருட்டிக் கட்டுமுன் முழு நீளமும் கையில் விட்டுப் பாருங்கள். பாறையில் தேய்ந்து பஞ்சுபோல் நார் கிளம்பிய இடம் இருந்தால் அங்கேயே வெட்டிவிட்டு, மீதியைச் சாமான் கட்ட வைத்துக்கொள்ளுங்கள்.